இடுப்புச் சூடு

இருக்கிறதா? இருக்கிறது. பனியனுக்கு உள்ளே, தொப்புளுக்கு வலப்பக்கம், ஜெனிட்டா தன் பழைய துப்பட்டாவைக் கிழித்துத் தைத்துவைத்த கச்சைக்குள் அந்தக் குப்பி சமத்தாக உட்கார்ந்திருக்கிறது. வண்டியைக் கிளப்பும்போது ஒருமுறை தொட்டுப் பார்த்தேன், தெருமுனை திரும்பும்போது ஒருமுறை, இப்போது பீச் ரோட்டில் ஏறியபிறகு இன்னொரு முறை. தொடுவதும் தப்புதான். என் கை ஐஸ் கை. இத்தனை வருஷம் ஐஸ் பிளான்ட்டில் பாளம் பாளமாகப் பிடித்துத் தள்ளிய கைக்கு வெயில் காலம் மழைக்காலம் எதுவும் தெரியாது, எப்போதும் ஜில்லென்றுதான் இருக்கும். கல்யாணமான முதல் ராத்திரியே ஜெனிட்டா, "ஐஸ் கைய எடுங்க" என்று சொன்னாள், இன்றைக்கும் சொல்கிறாள், நானும் இன்றைக்கும் எடுப்பதில்லை. ஆனால் இன்று எடுக்கிறேன். குப்பியிலிருந்து கையை எடுத்து ஹேண்டில்பாரில் வைக்கிறேன். உடம்புச் சூட்டிலேயே கொண்டு வாங்க, சூடு ஆறுவதற்குள் வந்துடுங்க என்று டாக்டரம்மா சொல்லியிருக்கிறார். ஜெனிட்டா விடிந்ததுமே ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டாள். அவளுக்கு முட்டை முற்றி, ஊசியும் போட்டாகிவிட்டது, இன்றைக்கு விட்டால் இந்த மாசம் கிடையாது. ஆஸ்பத்திரியிலேயே இதற்கென்று ஒரு அறை இருக்கிறது. அதன் தாழ்ப்பாள் பாதிதான் விழும், வெளியே டோக்கன் நம்பர் கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள், கூப்பிடக் கூப்பிட எனக்கு என் பெயரே மறந்துவிடும். போன தடவை அங்கே போராடி, பேருக்குக் கொஞ்சம் கொடுத்துவிட்டு வந்தேன். வீடு பக்கம்தானே, வீட்டிலிருந்தே கொண்டு வாங்க என்று டாக்டரம்மாதான் இரக்கப்பட்டார். கொண்டுபோகிறேன். கொண்டுபோய்ச் சேர்ப்பதுதானே என் தொழில். கிளமென்ட் கையில் கொடுத்த சரக்கு கெட்டுப்போனது என்று இந்தத் துறைமுகத்தில் ஒருத்தன் சொல்லட்டும் பார்ப்போம்.

ஒரே ஒரு சரக்கு கெட்டது. அது என்னுடையது. நினைத்தால் இப்போது சிரிப்பு வருகிறது, அப்போது வரவில்லை. முதன்முதலாக டெஸ்ட் எடுக்கச் சொன்ன சமயம், அது வேறொரு லேப், கவுண்டரில் இருந்த பெண் தலையை நிமிர்த்தாமல், சீக்கிரமா கொண்டு வாங்க சார், கெட்டுப்போகக் கூடாது என்று மட்டும் சொன்னாள். கெட்டுப்போகக் கூடாது என்று ஒரு ஐஸ்காரனிடம் சொன்னால் அவன் என்ன செய்வான்? பிளான்ட்டிலிருந்து நல்ல கண்ணாடிபோன்ற ஐஸாகப் பார்த்து எடுத்து, தூளாக உடைத்து, தெர்மோகோல் பெட்டியில் கீழே ஒரு அடுக்கு, மேலே ஒரு அடுக்கு, நடுவில் குப்பி. ஏற்றுமதி இறாலுக்குக்கூட நான் அவ்வளவு கவனம் எடுத்ததில்லை. ஜெனிட்டா பெட்டியின் ஓரமெல்லாம் டேப் ஒட்டிக் கொடுத்தாள். அவளும் வலைக்காரர் வீட்டுப் பெண்தானே, அருமையான பொருள் என்றால் முதலில் ஐஸ் வை என்றுதான் அவளுக்கும் சொல்லி வளர்த்திருக்கிறார்கள். உள்ளே இருந்த உயிரணுக்கள் அத்தனையும் விறைத்துச் செத்தன. அசைவே இல்லை என்று எழுதிக் கொடுத்தார்கள். அந்த இரண்டு வார்த்தையோடு ஒரு வருஷம் கிட்ட வாழ்ந்தோம். அசைவே இல்லை, அசைவே இல்லை என்று தூக்கத்தில்கூட யாரோ காதுக்குள் சொல்லுவார்கள். எங்கம்மாவிடம் குறை என்னிடம்தான் என்று அன்றைக்கே சொல்லிவிட்டேன், அவள் நம்பவில்லை, கல்லைத் தின்றாலும் செரிக்கிற என் பிள்ளைக்குக் குறையா என்று ஜெனிட்டாவைத்தான் ஒரு பார்வை பார்த்தாள். கடைசியில் இந்த டாக்டரம்மாவிடம் வந்தோம். எப்படிக் கொண்டுபோனீங்க என்று கேட்டார். நான் பெருமையாகச் சொன்னேன், கீழே ஒரு அடுக்கு, மேலே ஒரு அடுக்கு என்று கையால் அடுக்கியும் காட்டினேன். அந்த அம்மா பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கண்ணில் தண்ணீர் வரச் சிரித்தார். பிறகு ஸாரி கேட்டார். எனக்குக் கோபமே வரவில்லை. செத்துப்போனது என் ஐஸால், என்னால் இல்லை என்று தெரிந்ததும் அந்த ரூமிலேயே ஒரு குத்தாட்டம் போடலாம்போல இருந்தது.

ஆட்டம் போட விடவில்லை. மறுபடி டெஸ்ட் எடுத்தார்கள். இந்தத் தடவை அசைவு இருந்தது, ஆனால் ஒன்றோடொன்று தலை ஒட்டிக்கொண்டு, கொத்துக்கொத்தாக, போக முடியாமல் நின்ற இடத்திலேயே துடித்துக்கொண்டிருந்தன. கூடவே வெள்ளையணுக்கள் கூட்டமாக. டாக்டரம்மா கேட்டார், வாலிபத்தில் அங்கே ஏதாவது அடிபட்டதா? பட்டது. பிளான்ட்டில் சேர்ந்த புதிதில், சறுக்குப் பலகையில் விட்ட ஐஸ் பார் எதிர்பாராத வேகத்தில் வந்து இடித்தது. கண் இருட்டிக்கொண்டு வந்தது, ஒரு வாரம் வீக்கம் வடியவில்லை. என்ன வைத்தேன் என்று கேட்கவே வேண்டாம், ஐஸ்தான் வைத்தேன். அவர் விளக்கிச் சொன்னதை நான் எனக்குத் தெரிந்த விதத்தில் புரிந்துவைத்திருக்கிறேன். உடம்பில் காவலுக்கு நிற்கிற அணுக்கள், குழந்தையாக இருக்கும்போதே வீட்டு ஆள் யார், வெளியாள் யார் என்று பார்த்துப் பழகிவிடுகின்றன. உயிரணுக்களோ நமக்கு மீசை முளைக்கும்போதுதான் வருகின்றன. காவலாளிக்கு அவற்றின் முகமே தெரியாது. தெரியக் கூடாது என்றுதான் நடுவில் ஒரு சுவர் இருக்கிறது. அடிபட்டதில் அந்தச் சுவர் விரிசல் விட்டது. காயத்தைப் பார்க்க ஓடிவந்த காவல்காரர்கள் உள்ளே எட்டிப் பார்த்து, யாருடா இவனுங்க, நம்ம ஆளுங்க இல்லையே என்று பிடித்துக்கொண்டார்கள். அன்றைக்குப் பிடித்தவர்கள் இன்றைக்கும் விடவில்லை. துறைமுக வாசலில் புதிதாக வந்த செக்யூரிட்டி, படகு முதலாளியின் மகனையே பாஸ் இல்லை என்று வெயிலில் நிறுத்திவைத்தானே, அதே கதைதான். என் பிள்ளைகளை என் ஆட்களே வாசலில் நிறுத்திவிட்டார்கள். முதலில் கேட்டபோது எனக்கு அந்த வெள்ளையணுக்கள்மேல் வந்த ஆத்திரம் கொஞ்சநஞ்சம் இல்லை. சோறு போட்டு வளர்த்த என் உடம்பே எனக்குத் துரோகம் செய்ததா? குளிக்கும்போது வயிற்றைப் பார்த்துத் திட்டியிருக்கிறேன். அப்புறம் ஒருநாள் வலது கணுக்காலில் அந்தத் தழும்பு கண்ணில் பட்டது. திருக்கை முள் குத்திக் கால் தூணாக வீங்கி, காலை எடுக்க வேண்டிவரும் என்று சொன்ன காயம். எடுக்கவில்லை. யார் காப்பாற்றியது? இதே ஆட்கள்தான். மருந்தோடு மருந்தாக நின்று, ராப்பகலாகச் செத்துச் செத்து என் காலைக் காப்பாற்றியவர்கள். அவர்களை எப்படி வெறுப்பது? விசுவாசம் இருக்கிறது, முகம்தான் தெரியவில்லை, அவ்வளவுதான் விஷயம். அதிலிருந்து திட்டுவதை விட்டுவிட்டேன். இன்றைக்கு ஒரு நாள் கொஞ்சம் ஒதுங்கி நில்லுங்கப்பா என்று கேட்டுக்கொள்கிறேன். ஒதுங்காவிட்டாலும் கவலையில்லை, டாக்டரம்மா கழுவி எடுத்துவிடுவார். குப்பிக்குள்ளேயே ஒரு திரவம் ஊற்றிக் கொடுத்திருக்கிறார், அதில் கலந்துவிட்டால் ஒட்டிக்கொள்வது குறையுமாம். கழுவிய பிறகு நல்லதாக நீந்துகிறதை மட்டும் பிரித்து, ஜெனிட்டாவின் வயிற்றில் நேராகக் கொண்டுபோய் விட்டுவிடுவார். இருக்கிறதா? இருக்கிறது. சரிந்திருக்கிறதோ? இல்லை, என் தொப்பைதான் சரிந்திருக்கிறது.

கோவில் கோபுரம் தெரிகிறது. பனிமய மாதாவே, இந்த ஊரில் யார் எதைக் கேட்டாலும் உன்னிடம்தான் வருகிறார்கள், நானும் வருகிறேன், ஆனால் இன்றைக்கு ஒரு மணி நேரம் மட்டும் உன் பனியைக் கொஞ்சம் தள்ளி வைத்துக்கொள் தாயே. எங்கம்மா உனக்கு வெள்ளித் தொட்டில் நேர்ந்திருக்கிறாள். வெள்ளி விற்கிற விலையில் அவள் நேர்ந்தது உனக்கும் தெரியும், எனக்கும் தெரியும், அதைப் பிறகு பேசிக்கொள்ளலாம். வெயில் ஏறுகிறது. வெயில் நல்லதா கெட்டதா? ரொம்பச் சூடும் ஆகாது என்றாரே. ஆகாதா? ஆமாம், உடம்புச் சூடு, கூடவும் வேண்டாம், குறையவும் வேண்டாம். நான் நிழலாகப் பார்த்து ஓட்டுகிறேன், வேப்பமர நிழல், பஸ் நிழல், ஒரு லாரியின் நிழலில் கொஞ்ச தூரம். எதிர்க்காற்று கடலிலிருந்து வருகிறது, சட்டையை ஊதிப் பலூன் ஆக்குகிறது, ஒரு கையால் சட்டையை அமுக்குகிறேன், அமுக்கும் கை ஐஸ் கை, எடுக்கிறேன். எடுத்தால் காற்று. அமுக்கினால் ஐஸ். சரி, முழங்கையால் அமுக்குவோம், முழங்கை சூடாகத்தான் இருக்கும். ஜெனிட்டா நேற்றுச் சாப்பிடும்போது, குழம்பை ஊற்றிக்கொண்டே, இதோட போதுங்க என்றாள். அழவில்லை. அழுதிருந்தால் சமாதானம் சொல்லியிருப்பேன். இரண்டு தடவை ஊசி போட்டு, இரண்டு தடவை நாள் தள்ளிப்போய், இரண்டு தடவையும் பாத்ரூமிலிருந்து முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து இட்லி ஊற்றியவள். வயிற்றில் ஊசி போட்ட இடமெல்லாம் நீலம் பாரித்துக் கிடக்கிறது. மூணாவது தடவை நிக்கும்டி என்று நான் சொன்னேன். எப்படித் தெரியும் என்றாள். எனக்குத் தெரியும் என்றேன். நிஜமாகவே எனக்குத் தெரியும்போல்தான் இருக்கிறது. ஆனால் இந்த ரயில்வே கேட் ஏன் இப்போது இறங்குகிறது? மணி அடித்துக்கொண்டு, சாவகாசமாக, மாப்பிள்ளை ஊர்வலம்போல இறங்குகிறது. எனக்கு முன்னால் ஒரு டெம்போ, இரண்டு ஆட்டோ, பள்ளிக்கூட வேன். தூரத்தில் ரயிலின் வாலும் தெரியவில்லை, தலையும் தெரியவில்லை. நிற்கிறேன். எஞ்சினை அணைக்கிறேன். அணைத்ததும் மனசு சத்தம் போடுகிறது. ஆறிவிட்டால்? இங்கேயே, இந்த கேட்டுக்கு முன்னால், ஒன்றொன்றாக அசைவு நின்றுகொண்டிருந்தால்? அசைவே இல்லை. அசைவே இல்லை. பயமாக இருக்கிறது என்று சொல்லிக்கொள்கிறேன், பயமாகத்தான் இருக்கிறது, ஆனாலும் வயிறு சூடாக இருக்கிறது. வயிற்றை நம்புகிறேன். வயிறு என்னை ஏமாற்றியதில்லை.

அப்போதுதான் சூசையண்ணன் வந்தார். எங்கள் பிளான்ட்டில் லோடு ஏற்றுகிறவர், நல்ல மனுஷன், ஆனால் அவர் காதில் ஒரு சேதியைப் போட்டால் துறைமுகத்துக்கு மைக் செட் கட்டவேண்டியதில்லை. எங்கள் ஊரில் வண்டியின் பின்சீட் பொதுச்சொத்து, கேட்டு ஏறுகிற வழக்கம் இல்லை. ஏறிக்கொள்வதற்கு வசதியாக, இதக் கொஞ்சம் பிடிடே என்று கையிலிருந்த பையை என் மடியில் வைத்தார். என் கைகள், என்னைக் கேட்காமல், பழக்க தோஷத்தில் அதை வயிற்றோடு சேர்த்து அணைத்துக்கொண்டன. மகளுக்குப் பிள்ளை பிறந்திருக்கிறதாம், தாய்ப்பால் ஊறுவதற்குப் பால்சுறா கொண்டுபோகிறாராம், பேத்தியாம், மூக்கு அப்படியே அவர் மூக்காம் என்று பின்னால் ஏறியபடியே அடுக்கிக்கொண்டிருந்தார். நான் நல்லது என்றேன், சந்தோஷம் என்றேன். பிறகுதான் ஜில்லென்று ஒன்று சட்டையைத் தாண்டி, பனியனைத் தாண்டி, துப்பட்டாவைத் தொட்டது. ஐஸ். சுறாவைச் சுற்றி நான் நேற்று உடைத்துக் கொடுத்த ஐஸ். கீழே ஒரு அடுக்கு, மேலே ஒரு அடுக்கு. பையைத் தூக்கி அந்தரத்தில் பிடித்துக்கொண்டேன். ஏதாவது ஒரு பொய் சொல்லலாம், வயிற்று வலி, புண், தையல் பிரிக்கவில்லை. பொய் யோசிப்பதற்குள் இன்னும் கொஞ்சம் ஆறுமே. வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"அண்ணே, இத எடுங்க. எம் பிள்ள இடுப்புல இருக்கு."

அவர் பையை வாங்கிக்கொண்டார். என்னடே சொல்லுத என்றார். சொன்னேன். குப்பி, ஆஸ்பத்திரி, ஜெனிட்டா அங்கே படுத்திருப்பது, சூடு ஆறக் கூடாது என்பது, எல்லாவற்றையும் முன்னாலிருந்த டெம்போவைப் பார்த்துக்கொண்டே சொல்லி முடித்தேன். முகத்தைத் திருப்ப மனசு வரவில்லை. போயிற்று, நாளைக்குக் காலையில் ஏலம் விடுகிறவன்வரைக்கும் தெரிந்துவிடும், தெரியட்டும், தெரிந்தால் என் மீசையில் ஒரு மயிர் உதிரப்போகிறதா? பிறகு வண்டி லேசானது, அவர் இறங்கி முன்னால் வந்தார். சுறாப் பையை முன்பக்கக் கொக்கியில், என்னைவிட்டு எவ்வளவு தள்ளி மாட்டமுடியுமோ அவ்வளவு தள்ளி மாட்டினார்.

"எறங்கு. நான் ஓட்டுதேன். நீ பின்னால உக்காந்து ரெண்டு கையாலயும் பொத்திக்கோ."

"கை ஐஸா இருக்குண்ணே."

தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்து அவரே என் வயிற்றைச் சுற்றிக் கட்டினார். வேர்வையும் வெயிலும் மீன்வாடையும் ஊறிய துண்டு, அடுப்பிலிருந்து இறக்கிய தோசைக்கல்போலக் கொதித்தது. இது தாங்கும் என்றார். கொதிப்பு துப்பட்டாவைத் தாண்டி மெல்ல இறங்கி, ஐஸ் தொட்ட இடத்தில் நின்று, வெதுவெதுப்பாக அடங்கியது. ரயில் வந்தது. சரக்கு ரயில், பெட்டிக்குப் பின்னால் பெட்டி, உப்பா உரமா தெரியவில்லை, எண்ணத் தொடங்கி விட்டுவிட்டேன். முன்னால் சூசையண்ணனின் வழுக்கைத் தலை வெயிலில் பளபளத்தது, துண்டில்லாமல் நான் அவரைப் பார்த்ததே இல்லை. என்னடா இது, ஊரில் உள்ளவன் துண்டெல்லாம் என் பிள்ளையின் இடுப்புக் கயிறாகிவிட்டது என்று நினைத்தேன். கேட் தூக்கியதும் அவர் ஓட்டிய ஓட்டம் இருக்கிறதே, அறுபதைத் தாண்டிய மனுஷன், பள்ளம் ஒன்றில்கூட இறக்கவில்லை. பிள்ளைத்தாய்ச்சியைக் கொண்டுபோகிற மாதிரி, மேடு வந்தால் மெதுவாக ஏற்றி, மெதுவாக இறக்கி, அப்புறம் பறந்தார். வழியெல்லாம் ஒரு வார்த்தை பேசவில்லை. ஆஸ்பத்திரி வாசலில் இறங்கும்போது மட்டும், அடுத்த பால்சுறா ஒன் வீட்டுக்குத்தாம்டே என்று வேறு பக்கம் பார்த்துக்கொண்டு சொன்னார். வண்டியை நிழலில் போட்டுவிட்டு, துண்டைத் திருப்பிக் கேட்காமல், சுறாவைத் தூக்கிக்கொண்டு மகள் வீட்டுக்கு நடந்துபோனார்.

லேபில் இருந்த சிஸ்டர் குப்பியை வாங்கியதும் உள்ளங்கையில் வைத்துப் பார்த்தாள். சூடாத்தான் இருக்கு என்றாள், உடனே மூக்கைச் சுருக்கி, என்ன மீன்வாடை அடிக்குது என்றும் கேட்டாள். எங்க வீட்டு வாடை அப்படித்தான் சிஸ்டர் என்றேன். பிறகு காத்திருப்பு. சுழற்றுகிறார்கள், கழுவுகிறார்கள், என்னென்னவோ செய்கிறார்கள். பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்து, காலி இடுப்பைப் பழக்கத்தில் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன். இருக்கிறதா? இல்லை. கொடுத்தாகிவிட்டது. இல்லாதது இன்னும் பயமாக இருக்கிறது. காவல்காரர்களே, உள்ளே உங்கள் கை ஓங்கியிருக்கிறதா, விட்டுக்கொடுத்தீர்களா? என் காலைக் காப்பாற்றினீர்கள், இந்த ஒன்றையும் காப்பாற்றிவிடுங்கள் என்று கேட்கிறேன். யாரிடம் எதைக் கேட்கிறேன் என்று எனக்கே சிரிப்பு வருகிறது. டாக்டரம்மா கதவைத் திறந்து, கிளமென்ட், கழுவினதுக்கப்புறம் நல்லா ஓடுறது நிறையவே இருக்கு, போன தடவையைவிட நிறைய என்றார். ஓடுறது. அந்தச் சொல்லை அவர் சாதாரணமாகச் சொல்லிவிட்டுப் போனார். அசைவே இல்லை என்று ஒரு வருஷம் காதுக்குள் சொன்ன குரல், அந்த ஒரு சொல்லில் வாயை மூடிக்கொண்டது. எழுந்து சுவர்ப்பக்கம் திரும்பி நின்றேன், கண் நிறைந்துவிட்டது, நிறையட்டும் என்று விட்டுவிட்டேன்.

உள்ளே கூப்பிட்டபோது எல்லாம் முடிந்து ஜெனிட்டா படுத்திருந்தாள். கொஞ்ச நேரம் அசையாமல் படுக்கச் சொல்லியிருக்கிறார்கள். என்னைப் பார்த்ததும் துண்டைப் பார்த்தாள், யாருது என்றாள். சூசையண்ணனுது என்றேன். சொல்லிட்டீங்களா என்றாள். சொல்லிட்டேன் என்றேன். இந்நேரம் அவர் மகள் வீட்டில் சொல்லியிருப்பார், மகள் மாமியாரிடம் சொல்லியிருப்பாள். ஜெனிட்டா வையப்போகிறாள் என்று நினைத்தேன். அவள் சேலைத் தலைப்பை விலக்கி, ஊசிபோட்ட நீலத்துக்குக் கீழே, அடிவயிற்றைக் காட்டி, கை வைங்க என்றாள். நான் கையை நீட்டிவிட்டுப் பாதியில் நிறுத்திக்கொண்டேன். உள்ளே இப்போதுதான் போய்ச் சேர்ந்திருக்கிறார்கள். அங்கே அவளுடைய காவல்காரர்கள் வேறு இருப்பார்கள், அவர்களுக்கு இவர்கள் முகம் தெரியாது, இவர்களுக்கு அவர்களைத் தெரியாது. இதில் நான் வேறு ஐஸ் கையை வைத்து எல்லாவற்றையும் விறைக்க வைத்துவிடக் கூடாது. வேட்டியில் கையைத் தேய்த்தேன், வாயில் வைத்து ஊதினேன், மறுபடி தேய்த்தேன். சூடு ஏறுவதாக இல்லை. வேண்டாம், ஜில்லுன்னு இருக்கும் என்றேன். ஜெனிட்டா என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, உள்ளங்கை முழுதும் படும்படி தன் வயிற்றின்மேல் வைத்தாள். உடம்பு ஒருமுறை சிலிர்த்து அடங்கியது. கையை எடுக்கச் சொல்லவில்லை.

"இருக்கட்டும். ஐஸ்காரன் பிள்ளதான, இப்பமே பழகிக்கட்டும்."